‘இவர் யாருடைய அப்பா?’ - இறந்த சிப்பாயின் கையில் குழந்தைகள் போட்டோ... அமெரிக்க உள்நாட்டுப் போரை கேமரா பதிவு செய்தது எப்படி?

1863-ம் ஆண்டு ஜூலை மாதம். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாகாணத்தில் கெட்டிஸ்பர்க் என்ற சின்ன ஊர். மூன்று நாள் நடந்த சண்டை ஓய்ந்து, ஊரைச் சுற்றி ஆயிரக்கணக்கான உடல்கள் கிடக்கின்றன. ஊருக்குள்ளேயே ஓர் ஒதுக்குப்புறமான இடத்தில் ஒரு சிப்பாயின் உடல்.

அவர் பெயர் என்ன, எந்தப் படைப்பிரிவு, எந்த ஊர்க்காரர் என்று சொல்ல ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. கையில் ஒரே ஒரு போட்டோ மட்டும். கண்ணாடித் தகட்டில் எடுத்த படம். அதில் மூன்று குழந்தைகள். இரண்டு பையன்கள், ஒரு பெண். கடைசியாக அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே உயிரை விட்டிருக்கிறார்.

அந்தப் படம் கைமாறி, ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஜான் பார்ன்ஸ் என்ற மருத்துவரிடம் போய்ச் சேர்ந்தது. இந்தக் குழந்தைகளைக் கண்டுபிடித்துவிட்டால் சிப்பாயின் பெயர் தெரிந்துவிடும். ஆனால் எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்று என்றால் போட்டோவை வாட்ஸ்அப்பில் போட்டு ‘ஷேர் பண்ணுங்க’ என்று சொல்லிவிடலாம். அன்றைக்கு செய்தித்தாளில் போட்டோவை அச்சடிக்கவே முடியாது. அந்தத் தொழில்நுட்பம் வர இன்னும் 20 ஆண்டுகள் ஆக வேண்டியிருந்தது.

அதனால் படத்தை வார்த்தையால் வரைந்தார்கள்! 1863 அக்டோபர் 19 அன்று ‘ஃபிலடெல்ஃபியா இன்குயரர்’ நாளிதழில் ‘இவர் யாருடைய அப்பா?’ என்ற தலைப்பில் ஒரு செய்தி வந்தது. குழந்தைகளுக்கு என்ன வயதிருக்கும், யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று வரி வரியாக விவரித்திருந்தார்கள். பெரிய பையனின் சட்டையும் தங்கச்சியின் கவுனும் ஒரே துணியில் தைத்தவை என்பது அதில் சொல்லப்பட்ட முக்கியமான அடையாளம்.

மற்ற பத்திரிகைகளும் இதை எடுத்துப் போட்டன. அதில் ஒன்று நியூயார்க் மாகாணத்தின் போர்ட்வில் என்ற ஊருக்குப் போனது. அங்கே ஃபிலிண்டா ஹ்யூமிஸ்டன் என்ற பெண், கெட்டிஸ்பர்க் சண்டைக்குப் பிறகு கணவரிடமிருந்து கடிதம் வராமல் காத்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளின் போட்டோவை அவருக்கு அனுப்பி வைத்ததே ஃபிலிண்டாதான். ஒரே துணியில் தைத்த சட்டையும் கவுனும் யாருடையவை என்று அவருக்குத் தெரியாதா?

மருத்துவர் அனுப்பிய நகல் படத்தைப் பார்த்ததும் உறுதியானது. இறந்தவர் சார்ஜென்ட் ஏமோஸ் ஹ்யூமிஸ்டன். 154-வது நியூயார்க் காலாட்படை. பிள்ளைகள் ஃபிராங்க், ஆலிஸ், ஃபிரெட்.

ஒரு சாதாரண சிப்பாயின் சட்டைப்பையில் பிள்ளைகளின் போட்டோ இருந்தது என்பதே அப்போது புது விஷயம். அதற்கு முந்தைய அமெரிக்கப் போர்களில் சாமானிய வீரர்கள் இப்படிப் படம் வைத்துக்கொண்டு சண்டைக்குப் போனது அபூர்வம். இந்தப் போரில் லட்சக்கணக்கானவர்கள் அப்படிப் போனார்கள்.

என்ன போர் இது?

சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அடிமை முறையைத் தொடர வேண்டும் என்பதற்காக அமெரிக்காவின் 11 தென் மாகாணங்கள் நாட்டிலிருந்து பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்தன. அதிபர் ஆபிரகாம் லிங்கன் தலைமையிலான வடக்கு அதை ஏற்கவில்லை. 1861 ஏப்ரலில் தொடங்கிய போர் 1865-ல்தான் முடிந்தது. இறந்தவர்கள் சுமார் 6 லட்சத்து 20 ஆயிரம் பேர் என்பது நீண்டகாலமாகச் சொல்லப்படும் கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்து 2011-ல் செய்த ஆய்வு அதை ஏழரை லட்சம் வரை கொண்டுபோனது.

பாதிக்கு மேற்பட்டவர்கள் குண்டடிபட்டுச் சாகவில்லை. சீதபேதி, டைபாய்டு போன்ற நோய்களில் முகாம்களிலேயே இறந்தார்கள்.

ஏன் சண்டைக் காட்சிகளே இல்லை?

இந்தப் போரின் போட்டோக்களைத் தேடிப் பார்த்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். ஓடுகிற குதிரை இல்லை, வெடிக்கிற பீரங்கி இல்லை, பாய்கிற சிப்பாய் இல்லை. எல்லோரும் நிற்கிறார்கள், உட்கார்ந்திருக்கிறார்கள், அல்லது இறந்து கிடக்கிறார்கள்.

காரணம் அன்றைய கேமரா. அப்போது பயன்பாட்டில் இருந்தது ‘ஈர கொலோடியன்’ முறை. இங்கிலாந்தைச் சேர்ந்த ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851-ல் வெளியிட்டது. ஈதரிலும் ஆல்கஹாலிலும் கரைத்த பிசுபிசுப்பான ஒரு திரவத்தைக் கண்ணாடித் தகட்டில் சீராக ஊற்ற வேண்டும். பிறகு இருட்டறையில் சில்வர் நைட்ரேட் கரைசலில் முக்க வேண்டும். ஈரம் காய்வதற்குள் கேமராவில் மாட்டிப் படம் எடுத்து, மறுபடியும் இருட்டறைக்கு ஓடி வந்து கழுவி முடிக்க வேண்டும். மொத்தத்துக்கும் பத்து நிமிடம் வாக்கில்தான் நேரம். தகடு காய்ந்துவிட்டால் அவ்வளவுதான், படம் இல்லை.

வெட்டவெளியில் நல்ல வெயிலில்கூட சில விநாடிகள் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். அதற்குள் யாராவது அசைந்தால் அந்த இடத்தில் ஒரு புகைமூட்டம்தான் பதியும். பல முகாம் படங்களில் மனிதர்கள் தெளிவாக இருப்பார்கள், குதிரைக்கு மட்டும் தலை இருக்காது. பாவம், அதற்கு அசையாமல் நிற்கத் தெரியாது.

எனவே போட்டோகிராஃபர் தன் இருட்டறையையும் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. துணியால் மூடிய குதிரை வண்டி. உள்ளே கண்ணாடித் தகடுகள், எளிதில் தீப்பிடிக்கும் ஈதர், படத்தை நிலைநிறுத்த பொட்டாசியம் சயனைடு. ஆம், விஷமேதான். இந்த விநோத வண்டியைப் பார்த்த சிப்பாய்கள் அதற்கு வைத்த பட்டப்பெயர் ‘அது என்ன?’ வண்டி.

இதே கொலோடியனைத்தான் அன்றைய மருத்துவர்கள் காயத்தின் மேல் தடவி மூடவும் பயன்படுத்தினார்கள்.

மாதச் சம்பளம் 13 டாலர்... போட்டோவுக்கு எவ்வளவு?

போர்க்கள போட்டோகிராஃபர்களின் பெயர்கள்தான் புத்தகங்களில் இருக்கின்றன. ஆனால் எண்ணிக்கையில் பார்த்தால் இந்தப் போரின் உண்மையான போட்டோ வேறு. படையில் சேர்ந்ததும் புதுச் சீருடையோடு ஸ்டூடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்ட தனிப்படம்.

சொந்த ஊர் ஸ்டூடியோவில் முடியாதவர்களுக்கு முகாம் பக்கத்திலேயே கூடாரம் போட்டுப் படம் எடுத்துத் தரும் ஆட்கள் இருந்தார்கள். வடக்குப் படையின் சாதாரண சிப்பாய்க்கு மாதச் சம்பளம் 13 டாலர். மலிவான படம் கால் டாலரிலிருந்து கிடைத்தது. இரண்டு நாள் சம்பளம்கூட இல்லை. வீட்டுக்கு ஒன்று, காதலிக்கு ஒன்று என்று எடுத்துத் தள்ளினார்கள்.

கண்ணாடியில் எடுக்கும் ‘ஆம்ப்ரோடைப்’ படம் அழகானது, வெல்வெட் வைத்த சின்னப் பெட்டிக்குள் வரும். ஆனால் உடையும். மெல்லிய இரும்புத் தகட்டில் எடுக்கும் ‘டின்டைப்’ உடையாது. பேரில்தான் தகரம், உண்மையில் இரும்பு. எடையும் குறைவு என்பதால் கடிதத்துக்குள் வைத்துத் தபாலில் அனுப்பிவிடலாம். சிப்பாய்களிடம் இது ஓடியதற்கு அதுவே பெரிய காரணம்.

இந்த இரண்டு வகைக்கும் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் போன தகடே படமாக வெளியே வரும். உலகத்திலேயே அந்த ஒரு பிரதிதான்.

இன்னொரு வேடிக்கை, செல்ஃபி கேமராவில் எழுத்து தலைகீழாகத் தெரியுமே, அதே கதைதான் இதிலும். டின்டைப்பில் இடது வலது மாறி விழும். பெல்ட் பக்கிளில் உள்ள எழுத்து திரும்பி இருக்கும், சட்டைப் பொத்தான் தப்பான பக்கம் இருக்கும். விவரமான சிலர் வாளை வேண்டுமென்றே எதிர்ப்பக்கம் மாட்டிக்கொண்டு நின்றார்கள், படத்தில் சரியாக வரும் என்று.

தலை அசையாமல் இருக்க முதுகுக்குப் பின்னால் ஓர் இரும்புத் தண்டு நிறுத்தி, கழுத்தைப் பிடிக்கிற கவ்வி வைப்பார்கள். நிற்கிற படங்களில் காலுக்குப் பின்னால் அந்தத் தண்டின் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். இடுப்பில் துப்பாக்கி, கையில் பெரிய கத்தி என்று மிரட்டலாக நிற்பவர்களில் பலர், ஸ்டூடியோவில் இருந்ததை வாங்கி வைத்துக்கொண்டவர்கள். கன்னத்தில் லேசாக ரோஜா நிறம், பொத்தானில் தங்க நிறம் தீட்டித் தருவதும் உண்டு. கொலோடியனுக்கு நீல ஒளி மட்டும்தான் நன்றாகப் பதியும். அதனால் நீலக் கண்கள் வெளுத்துப் போய்ப் பேய்க்கண் மாதிரி தெரியும், வானம் எப்போதும் வெள்ளையாக இருக்கும்.

மூன்றாவது வகை, ‘கார்ட் டி விசிட்’. கண்ணாடி நெகட்டிவிலிருந்து காகிதத்தில் எத்தனை பிரதி வேண்டுமானாலும் போட்டு, விசிட்டிங் கார்டு அளவு அட்டையில் ஒட்டித் தருவது. அதிபர், தளபதி, நடிகை என்று பிரபலங்களின் கார்டுகளை வாங்கி ஆல்பத்தில் சேர்ப்பது அன்றைய பெரிய மோகம். போர்ச் செலவுக்காக 1864 செப்டம்பர் முதல் போட்டோக்களுக்கும் வரி போட்டது அரசு. 1866 ஆகஸ்டில்தான் அது நீங்கியது. அந்த இரண்டு ஆண்டுப் படங்களின் முதுகில் வரி ஸ்டாம்ப் ஒட்டியிருக்கும். பழைய படம் எப்போது எடுத்தது என்று கண்டுபிடிப்பவர்களுக்கு இன்று அதுதான் துருப்புச்சீட்டு.

ஹ்யூமிஸ்டன் பிள்ளைகளின் படமும் இப்படிக் கார்டாக அச்சிடப்பட்டு நாடெங்கும் விற்பனையானது. அந்தப் பரபரப்பில் சேர்ந்த நிதியால் 1866-ல் கெட்டிஸ்பர்க்கில் போர் வீரர்களின் பிள்ளைகளுக்கு ஓர் ஆதரவற்றோர் இல்லம் திறந்தார்கள். ஃபிலிண்டாவும் மூன்று பிள்ளைகளும் அங்கேயே வந்து தங்கினார்கள். ஆனால் சில ஆண்டுகளில் அந்த இல்லத்தில் பிள்ளைகளைக் கொடுமைப்படுத்துவதாகப் புகார்கள் கிளம்பின. பண முறைகேட்டுப் புகாரும் சேர்ந்துகொள்ள, 1877-ல் இல்லம் மூடப்பட்டது. நாட்டையே அழ வைத்த ஒரு போட்டோவால் தொடங்கிய இடத்தின் முடிவு அது.

துணி துவைக்கும் பெண்ணும் தேவாலய பெஞ்சும்

சிப்பாயின் வாழ்க்கையில் சண்டை நடக்கும் நாட்கள் குறைவு. மிச்சமெல்லாம் காத்திருப்பு. அந்தக் காத்திருப்புதான் கேமராவுக்கு வசதி.

வாஷிங்டன் அருகே 31-வது பென்சில்வேனியா படைப்பிரிவின் முகாமில் எடுத்த ஒரு படம் மிகவும் பிரபலம். கூடாரத்துக்கு முன்னால் ஒரு சிப்பாய், ஒரு பெண், மூன்று குழந்தைகள். சுற்றிலும் பாத்திரம் பண்டம். குடும்பத்தோடு முகாமுக்கே வந்து, சிப்பாய்களுக்குத் துணி துவைத்துக் கொடுத்து, சமைத்துப் போட்டுப் பிழைத்த பெண்கள் இருந்தார்கள் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

குளிர்காலத்துக்கு மரக்கட்டையால் கட்டிய குடிசை வரிசைகள், சீட்டாட்டம், ரொட்டி சுடும் அடுப்புகள், தளபதியின் கூடாரத்துக்கு முன்னால் சேவல்சண்டை என்று எல்லாமே படமாகியிருக்கின்றன. சேவல்சண்டைப் படத்தைப் பார்த்தால் நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு நெருக்கம் வரும்!

1864 மே 21 அன்று வர்ஜீனியாவில் டிமோதி ஓ’சல்லிவன் எடுத்த படங்கள் இன்னும் விசேஷமானவை. வடக்குப் படைத் தளபதி கிராண்ட் ஒரு தேவாலயத்தின் முன் ஆலோசனைக் கூட்டம் நடத்துகிறார். உள்ளே இருந்த பெஞ்சுகளை வெளியே மர நிழலில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஓ’சல்லிவன் தேவாலயத்தின் மாடிக்கு ஏறி, மேலிருந்து கேமராவை வைத்தார். ஒரு படத்தில் கிராண்ட் எழுந்து போய், மற்றொரு தளபதியான மீடின் தோளுக்கு மேல் குனிந்து வரைபடத்தைப் பார்க்கிறார். யாரும் கேமராவுக்காக முகம் காட்டவில்லை. ஸ்பாட்சில்வேனியா என்ற இடத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம் நடந்த கொடூரமான சண்டையிலிருந்து நேராக வந்திருக்கிறார்கள். அடுத்து எங்கே போவது என்று அங்கே, அந்த பெஞ்சுகளில் முடிவாகிறது.

போரை நியூயார்க் வாசலுக்குக் கொண்டுவந்த கண்காட்சி

1862 செப்டம்பர் 17. மேரிலாந்து மாகாணத்தில் ஆன்டீட்டம் என்ற ஓடைக்கரையில் ஒரே நாளில் இருதரப்பிலும் சேர்த்து சுமார் 23 ஆயிரம் பேர் செத்தார்கள், காயமடைந்தார்கள் அல்லது காணாமல் போனார்கள். அமெரிக்க வரலாற்றில் ஒரே நாளில் இவ்வளவு ரத்தம் வேறெப்போதும் சிந்தியதில்லை.

சண்டை முடிந்த இரண்டாவது நாளே அங்கே போய்ச் சேர்ந்தார் அலெக்சாண்டர் கார்ட்னர். ஸ்காட்லாந்துக்காரர். அப்போது மேத்யூ பிரேடி என்ற பிரபல ஸ்டூடியோ உரிமையாளரிடம் வேலை பார்த்தவர். புதைக்கப்படாத உடல்களைப் படம் எடுத்தார். அமெரிக்கப் போர்க்களத்தில் அப்படி எடுத்தது அதுதான் முதல்முறை.

அக்டோபரில் நியூயார்க் பிராட்வேயில் இருந்த பிரேடியின் கேலரியில் ‘ஆன்டீட்டத்தில் இறந்தவர்கள்’ என்ற பலகை தொங்கியது. கூட்டம் படியேறிப் போய்ப் பார்த்தது. உடல்களைக் கொண்டுவந்து நம் வீட்டு வாசலில் கிடத்தவில்லை என்றாலும், பிரேடி கிட்டத்தட்ட அதையேதான் செய்திருக்கிறார் என்ற பொருளில் ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் முகம்கூட அடையாளம் தெரிகிறது, ஒரு பெண் வந்து அதில் தன் கணவனையோ மகனையோ கண்டுபிடிக்கும் நேரத்தில் தான் அந்த அறையில் இருக்க விரும்பவில்லை என்றும் அந்த நிருபர் எழுதியிருந்தார்.

நியூயார்க்வாசிகள் பார்த்த முகங்களில் பெரும்பாலானவை உண்மையில் தென் மாகாணத்துச் சிப்பாய்கள். களம் வடக்கின் கையில் இருந்ததால் அவர்கள் தங்கள் ஆட்களை முதலில் புதைத்துவிட்டார்கள். கேமரா வரும்போது மிச்சம் கிடந்தது எதிராளிகள். எந்தப் போரிலும் இறந்தவர் படத்தைப் பார்க்கும்போது இதை ஒரு தடவை யோசிப்பது நல்லது.

கண்காட்சி பிரேடியின் பெயரில் நடந்தது, எடுத்தவர் கார்ட்னர். பிரேடிக்கு அப்போதே கண்பார்வை மங்கியிருந்தது. களத்துக்கு ஆளனுப்பிப் படங்களைத் தன் பெயரில் வெளியிடுவது அவருடைய ஸ்டூடியோ வழக்கம். கொஞ்ச நாளில் கார்ட்னர் பிரிந்து போய்த் தனி ஸ்டூடியோ தொடங்கினார். ஓ’சல்லிவனும் அவரோடு போய்விட்டார். 1866-ல் 100 படங்களோடு கார்ட்னர் வெளியிட்ட இரண்டு பாகப் புத்தகத்தில் ஒவ்வொரு படத்துக்கும் எடுத்தவர் பெயரைப் போட்டார். விலை 150 டாலர். சரியாக விற்கவில்லை.

அந்தப் படம் பொய்யா?

அதே புத்தகத்தில்தான் வில்லங்கமும் இருக்கிறது.

கெட்டிஸ்பர்க்கில் பாறைகளுக்கு நடுவே, கற்களை அடுக்கிய மறைவிடம் ஒன்றில் ஓர் இளம் சிப்பாய் இறந்து கிடக்கிறார். பக்கத்தில் துப்பாக்கி சாய்த்து வைக்கப்பட்டிருக்கிறது. குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்த தென்னகச் சிப்பாய் ஒருவரின் கடைசி இடம் என்று அதற்கு விளக்கம். பல மாதம் கழித்துப் போனபோதும் எலும்புக்கூடும் துப்பாக்கியும் அங்கேயே இருந்ததாக வேறு கார்ட்னர் எழுதியிருந்தார். சண்டைக்குப் பிறகு நினைவுப்பொருள் தேடி ஊரே அலசிய இடத்தில் துப்பாக்கி மட்டும் அப்படியே கிடக்குமா என்ன?

சுமார் நூறு ஆண்டு கழித்து, 1961-ல் ஃபிரெடரிக் ரே என்பவர் ஒன்றைக் கவனித்தார். அதே உடல் வேறொரு இடத்தில், பாறைகளுக்கு வெளியே கிடப்பதாகவும் கார்ட்னர் குழு படம் எடுத்திருந்தது. வில்லியம் ஃபிராசனிட்டோ என்ற ஆய்வாளர் களத்தில் நடந்து நடந்து ஒவ்வொரு பாறையையும் ஒப்பிட்டு 1975-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதை உறுதி செய்தார். நல்ல ‘காட்சி’க்காக உடலைத் தூக்கிக்கொண்டு போய் மறைவிடத்தில் கிடத்தியிருக்கிறார்கள். சாய்த்து வைத்த துப்பாக்கியும் தேர்ந்த குறிபார்ப்பவர்கள் வைத்திருக்கும் ரகம் அல்ல.

இன்னொன்றும் கண்டுபிடித்தார். ஓ’சல்லிவன் எடுத்து ‘மரணத்தின் அறுவடை’ என்று பெயர் வைக்கப்பட்ட படம் உலகப் புகழ்பெற்றது. அதில் கிடப்பவர்கள் தென்னகச் சிப்பாய்கள் என்கிறது புத்தகம். அடுத்த பக்கத்தில் உள்ள மற்றொரு படத்தில் கிடப்பவர்கள் ‘நம் ஆட்கள்’ என்கிறது. இரண்டிலும் இருப்பது அதே உடல்கள்! எதிரெதிர்ப் பக்கத்திலிருந்து எடுத்திருக்கிறார்கள். ஒன்றில் துரோகத்துக்குக் கிடைத்த தண்டனை, மற்றதில் தியாகம்.

உடல் பொய் இல்லை. அந்த இளைஞர் கெட்டிஸ்பர்க்கில் செத்தது உண்மை. அவரைப் பற்றிச் சொன்னதுதான் கதை. போட்டோஷாப்பும் ஏஐயும் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பே, படத்தைத் தொடாமல் கீழே உள்ள வரியை மாற்றினாலே போதும் என்று ஆகியிருந்தது. அமெரிக்கர்கள்தான் இப்படி என்றில்லை. 1858-ல் லக்னோ சிக்கந்தர் பாக்கில் ஃபெலிஸ் பீட்டோ எடுத்த பிரபலமான படத்திலும், முன்னால் சிதறிக் கிடக்கும் எலும்புகள் படத்துக்காகவே பரப்பப்பட்டவை என்றே ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இறந்தவர்கள் ஆங்கிலேயரை எதிர்த்துப் போரிட்ட இந்தியச் சிப்பாய்கள்.

கேமரா முன் வந்த அடிமைகள்

எந்தப் பிரச்னைக்காகப் போர் நடந்ததோ, அந்த மக்கள் ஆரம்பகாலப் படங்களில் ஓரத்தில்தான் நிற்பார்கள். அதிகாரியின் குதிரையைப் பிடித்தபடி, சமையல் பாத்திரத்தோடு. படத்தின் விளக்கத்தில் அதிகாரிக்குப் பெயர் இருக்கும், இவர்களுக்கு இருக்காது.

1862 ஆகஸ்டில் வர்ஜீனியாவின் ராப்பஹானக் ஆற்றை மாட்டுவண்டியோடு கடக்கும் ஒரு குடும்பத்தை ஓ’சல்லிவன் படம் எடுத்தார். அடிமைத்தனத்திலிருந்து தப்பி வடக்குப் படையை நோக்கி ஓடி வருபவர்கள். 1863-ல் லூசியானாவில் எடுத்த இன்னொரு படத்தில், தப்பி வந்த ஒருவர் சட்டை இல்லாமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். முதுகு முழுக்கச் சாட்டையடித் தழும்புகள், கயிறு கயிறாக. அது கார்டாக அச்சாகிக் கைக்குக் கை பரவியது. ‘ஹார்ப்பர்ஸ் வீக்லி’ அதை மரச்செதுக்குப் படமாக மாற்றி 1863 ஜூலை 4 இதழில், நாட்டின் சுதந்திர தினத்தன்று, வெளியிட்டது. அடிமைகள் நன்றாகத்தான் நடத்தப்படுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தவர்களுக்கு அதற்குப் பதில் சொல்வது கஷ்டமாகிவிட்டது.

அதே ஆண்டு முதல் கறுப்பினத்தவர் பெருமளவில் வடக்குப் படையில் சேர்ந்தார்கள். மொத்தம் சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் பேர். வெள்ளைச் சிப்பாய்க்கு 13 டாலர் என்றால் இவர்களுக்கு 10 டாலர், அதிலும் சீருடைக்கு 3 டாலர் பிடித்தம். மிச்சம் 7. இந்தப் பாகுபாட்டை நாடாளுமன்றம் சரிசெய்தது 1864 ஜூனில்தான். அந்த 7 டாலரிலும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். நேற்றுவரை சட்டப்படி இன்னொருவரின் சொத்தாக இருந்தவர், சீருடையில், கேமராவை நேராகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் படங்கள் அவை.

போர் முடிந்த மாதத்தில், 1865 ஏப்ரலில், கோல்ட் ஹார்பர் என்ற இடத்தில் ஜான் ரீக்கி எடுத்த படமும் இருக்கிறது. பத்து மாதத்துக்கு முன் சண்டையில் செத்து, சரியாகப் புதைக்கப்படாமல் போன சிப்பாய்களின் எலும்புகளைச் சேகரிக்கிறார்கள். ஒரு ஸ்ட்ரெச்சர் மேல் மண்டை ஓடுகள். அதன் அருகே உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார் ஒரு கறுப்பின மனிதர். பின்னால் நான்கு பேர் மண்வெட்டியோடு குனிந்திருக்கிறார்கள். தளபதிகளின் வெற்றிப் படங்களைவிட அந்தப் போரைப் பற்றி இது அதிகம் சொல்கிறது.

தெற்கில் ஏன் படங்கள் குறைவு?

தென் மாகாணத் துறைமுகங்களை வடக்குக் கடற்படை முற்றுகையிட்டிருந்தது. கண்ணாடி, ரசாயனம், காகிதம் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. 1861-ல் உற்சாகமாகப் படம் எடுத்துக்கொண்ட ஸ்டூடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. சார்ல்ஸ்டன் நகரின் ஜார்ஜ் குக் போன்ற சிலர் தாக்குப்பிடித்தார்கள். 1863 செப்டம்பரில் சம்டர் கோட்டை மேலிருந்து, கடலில் குண்டு வீசிக்கொண்டிருந்த இரும்புக் கப்பல்களை அவர் படம் எடுத்தார். சண்டை நடக்கும்போதே எடுத்த படம் என்று சொல்லத்தக்க மிகச் சிலவற்றில் அது ஒன்று.

விற்க முடியாத போர்

போர் முடிந்ததும் யாரும் அதைப் பார்க்க விரும்பவில்லை. தன் பணம் ஒரு லட்சம் டாலர் வரை இதில் போட்டதாகச் சொன்ன பிரேடி கடனில் மூழ்கினார். தகடுகளை வைத்திருந்த கிடங்குக்கு வாடகை கட்ட முடியாமல் 1874-ல் அவை ஏலத்துக்கு வந்தன. போர்த் துறை எடுத்த விலை 2,840 டாலர். மறு ஆண்டு நாடாளுமன்றம் பிரேடிக்கு 25 ஆயிரம் டாலர் வழங்கியும் கடன் தீரவில்லை. 1896-ல் நியூயார்க் மருத்துவமனை ஒன்றில் ஏழையாக இறந்தார். ஓ’சல்லிவன் 1882-லேயே காசநோயில் போய்விட்டார்.

தேவைப்படாத கண்ணாடித் தகடுகளைச் செடி வளர்க்கும் கண்ணாடி வீடுகளுக்கு விற்றார்கள், வெயிலில் சிப்பாய்களின் உருவம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்தது என்று ஒரு கதை அமெரிக்காவில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

படங்களால் நேரடியாகப் பலன் கிடைத்த கூட்டமும் ஒன்று உண்டு. வாஷிங்டன் ஹேர்வுட் மருத்துவமனையின் தலைமை மருத்துவர் ரீட் போன்டிகோ, காயமடைந்த சிப்பாய்களை ஒவ்வொருவராகப் படம் எடுத்தார். மடியில் பெயர்ப்பலகை, வெட்டி எடுத்த காலின் மிச்சம், குண்டு துளைத்த இடம். மருத்துவப் பாடத்துக்காக எடுத்த அந்தப் படங்கள், ஊனத்துக்கான ஓய்வூதியம் கேட்டபோது ஆதாரமாகவும் பயன்பட்டன.

இப்போதும் நடக்கும் தேடல்

இன்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் 7 ஆயிரத்துக்கும் மேற்பட்ட போர்க்கள நெகட்டிவ்களும் பிரதிகளும் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம், தரவிறக்கலாம். கண்ணாடித் தகடு என்பதால் நன்றாகப் பெரிதாக்கினாலும் நுணுக்கமான விவரம் தெரியும். செல்போனில் இரண்டு விரலால் விரித்துப் பாருங்கள், பின்னால் நிற்பவரின் பூட்ஸ் கிழிசல்கூடத் தெரியும்.

2010-ல் வர்ஜீனியாவைச் சேர்ந்த லில்ஜென்குவிஸ்ட் குடும்பம், பல ஆண்டுகளாகத் தேடி வாங்கிய சுமார் 700 சிப்பாய் படங்களை அதே நூலகத்துக்கு இலவசமாகக் கொடுத்தது. அதன் பிறகும் தொடர்ந்து கொடுத்து வருகிறது. அந்தப் படங்களில் மிகப் பெரும்பாலானவற்றின் தலைப்பு ஒரே மாதிரிதான் தொடங்கும்: ‘அடையாளம் தெரியாத சிப்பாய்’.

வீட்டில் இருந்தவரை பெயர் எழுதத் தேவைப்படவில்லை. அம்மாவுக்குத் தெரியும், பேத்திக்குக் கேள்விப்பட்டு ஞாபகம் இருக்கும். அதற்கடுத்த தலைமுறை பழைய சாமான் கடையில் போட்டுவிடும். பெட்டி கைமாறும்போது பெயர் அங்கேயே நின்றுவிடும்.

2018 முதல் ஓர் இணையதளம் முகமறியும் மென்பொருளை வைத்து இந்தச் சிப்பாய்களுக்குப் பெயர் தேடுகிறது. பெயர் தெரிந்த படங்களோடு முகத்தை ஒப்பிட்டு, மென்பொருள் சில பெயர்களைப் பரிந்துரைக்கும். சீருடையில் உள்ள பட்டை, தொப்பியில் உள்ள எண், ஸ்டூடியோவின் ஊர், படையின் வருகைப் பதிவேடு எல்லாம் பொருந்துகிறதா என்று பார்ப்பது மனிதர்கள் வேலை. தாடி வைத்த இரண்டு பேர் ஒரே ஜாடையில் இருப்பது சகஜம் என்பதால் தப்பும் நடக்கும்.

லில்ஜென்குவிஸ்ட் படங்களில் அதிகம் பகிரப்பட்டது ஒரு கறுப்பினக் குடும்பத்தின் படம். சீருடையில் கணவர், பக்கத்தில் மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். நான்கு பேரும் கேமராவையே பார்க்கிறார்கள். பெண் குழந்தைகளுக்கு ஒரே மாதிரி உடுப்பு. பல ஆண்டுகள் அதன் தலைப்பு, ‘அடையாளம் தெரியாத கறுப்பினச் சிப்பாய், மனைவி மற்றும் இரண்டு மகள்களுடன்’ என்றே இருந்தது.

நூலகத்தின் பட்டியலில் இப்போது அந்த இடத்தில் ஒரு பெயர் இருக்கிறது: சார்ஜென்ட் சாமுவேல் ஸ்மித்.